பந்தயம் கட்டுகிறவன் குற்றவாளியா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் எழும்பிய நாளிலிருந்து இப்பகுதி இளைஞர்கள் நம்மிடம் கேட்டுவந்த கேள்விகளை ஓர் ஏட்டில் குறித்து வைத்திருந்தால், அதுவே இவ்வட்டாரத்தின் வரலாறாக அமைந்திருக்கும். 1990களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டைக்குக் கார்த் தொழிற்சாலை வந்தபோது, நிலம் கொடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு வேலை உண்டா என்று கேட்டார்கள். பிறகு, பயிற்சித் தொழிலாளி என்று ஒருவரை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்று கேட்டார்கள். 2014 நவம்பரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியை நிறுத்தியபோது, இனி எங்கே போவது என்று கேட்டார்கள். 2024இல் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது, சங்கத்தைப் பதிவு செய்வது உரிமையா சலுகையா என்று கேட்டார்கள். நாம் வழக்கறிஞர் அல்லோம். மனு எழுதிக் கொடுத்தும், சட்டப் புத்தகம் புரட்டியும் பழகியிருக்கிறோம், அவ்வளவே. ஆயினும் கேட்பவர்களுக்கு இயன்றவரை விடை தேடிச் சொல்லியே வந்திருக்கிறோம்.

இப்போது வருகின்ற கேள்வி வேறு. "போன்ல கிரிக்கெட்டுக்குப் பணம் கட்டினா போலீஸ் பிடிக்குமா, மாமா?"

இரண்டாம் ஷிப்டுக்குப் போகுமுன் ஜும்ஆத் தொழுகைக்கு வந்திருந்த பிள்ளை அவர். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஓர் ஆலையில் பயிற்சித் தொழிலாளியாக இருக்கிறார். மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது என்று நாம் தொடங்கினோம். அவர் பணிவோடு, ஆனால் தெளிவாக இடைமறித்தார்: "ஹராம்னு தெரியும் மாமா. நான் கேக்குறது சட்டம்."

மறுக்க முடியாத நேர்மை அந்தச் சொல்லில் இருந்தது. ஹராம் என்று தெரிந்தும் செய்த ஒருவர், அதன் பிறகு தம் நிலை நாட்டின் சட்டத்தில் என்ன என்று அறிய விரும்புகிறார். அதற்குரிய விடை ஒற்றைச் சொல்லில் இல்லை. விடை இரண்டாகப் பிளந்து கிடப்பதுதான் இன்று பலருக்குத் தீங்காகியிருக்கிறது. இக்கட்டுரையை எழுதத் துணிந்ததும் அதனாலேயே.

நம் மாநிலத்தின் பழைய சூதாட்டச் சட்டங்கள் இரண்டு. ஒன்று, சென்னை நகருக்கான 1888ஆம் ஆண்டுக் காவல் சட்டம். மற்றொன்று, ஏனைய பகுதிகளுக்கான 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம். இரண்டும் சுவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 'பொதுச் சூதாட்ட விடுதி' என்பது அவற்றின் அடிப்படைச் சொல். ஒருவன் இலாபத்துக்காக ஓர் இடத்தை வைத்திருக்க வேண்டும். அங்கே ஆட்டத்துக்குரிய கருவிகள் இருக்க வேண்டும். காவலர் உள்ளே புகுந்து பிடிக்க வேண்டும். இடத்தை நடத்துகிறவனுக்குக் கூடுதல் தண்டனை, உள்ளே ஆடிக்கொண்டிருந்தவனுக்குக் குறைந்த தண்டனை. பந்தயம் கட்டுவதும் சூதாட்டத்தில் அடங்கும். ஆனால், மாத்தூரில் ஆறு பேர் தங்கியிருக்கும் ஒரு வாடகை அறையில், பாயில் படுத்தபடி, எங்கோ கடல் கடந்த ஒரு கணிப்பொறிக்கு நூறு ரூபாய் அனுப்புகிறவன் எந்த விடுதிக்குள் இருக்கிறான்? 1930இல் எழுதியவர்கள் இந்தக் கேள்வியைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

இதனிடையே குதிரைப் பந்தயத்தின் கதை தனிக் கதையாக ஓடியது. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தது. சென்னைப் பந்தயக் கழகத்தினர் தொடுத்த வழக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்து, 1996 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த ஆட்டமே. ஆகவே அது சூதாட்டச் சட்டங்களுக்குள் வாராது என்பது அதன் சாரம். குதிரையின் பயிற்சியும், அதன்மீது அமர்கிறவனின் ஆற்றலும், வமிசமும், ஓடுதளத்தின் நிலையும் வெற்றியைத் தீர்மானிக்கின்றன; பணம் கட்டுகிறவர் இவற்றை ஆராய்ந்தே கட்டுகிறார் என்பது வாதம். கிண்டியில் கட்டினால் குற்றமில்லை, கிரிக்கெட்டுக்குக் கட்டினால் குற்றம் என்ற நிலை அன்றே உறுதியாயிற்று. கிரிக்கெட்டில் திறமை இல்லையா என்று பிள்ளைகள் கேட்டால், நீதிபதிகளுக்கே விடை சொல்வது எளிதாக இராது. பரிசுச்சீட்டை எடுத்துக்கொண்டாலும் அரசின் மனம் ஒரு நிலையில் நின்றதில்லை. 1968இல் அரசே நடத்தத் தொடங்கியது; 2003இல் தமிழகம் எல்லாச் சீட்டுகளையும் தடுத்தது; பக்கத்துக் கேரளத்தில் அரசே இன்றும் விற்கிறது.

இளைஞர்களைக் குழப்பியது இவற்றைவிட அண்மையில் நடந்தது. கற்பனை அணி அமைத்துப் பணம் கட்டும் ஆட்டம் திறமை சார்ந்ததே என்று பஞ்சாப் ஹரியானா உயர்நீதிமன்றம் 2017இல் கூறியது. 2023 முதல் 2025 ஆகஸ்ட் வரை அவ்வகை நிறுவனமான டிரீம்11இன் பெயர் இந்திய அணியின் மார்பிலேயே எழுதப்பட்டிருந்தது. நாட்டுக்காக ஆடுகிறவர் நெஞ்சில் தாங்கும் பெயர் எப்படிக் குற்றமாகும்? அதன் நிழலில் மற்றொரு கூட்டம் நுழைந்தது. அயல்நாட்டுப் பந்தயத் தளங்கள் 'விளையாட்டுச் செய்தித் தளம்' என்று வேடமிட்டு விளம்பரம் செய்தன. அவற்றின் விளம்பரங்களை வெளியிடாதீர் என்று ஒன்றிய ஒலிபரப்பு அமைச்சகம் 2022 ஜூனிலும் அக்டோபரிலும் அறிவுரை அனுப்ப வேண்டியிருந்தது. இவை இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டுக் கம்பெனிப் பேருந்தில் தூங்கி வழிந்து திரும்புகிற பிள்ளை ஆராய்ந்து பார்ப்பான் என்று எதிர்பார்ப்பது முறையா?

தமிழக அரசு வாளாவிருக்கவில்லை. இணையச் சூதில் பணம் இழந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் பெருகவே, 2020 நவம்பரில் அவசரச் சட்டமும், 2021 பிப்ரவரியில் சட்டமும் வந்தன. திறமை ஆட்டங்களையும் சேர்த்துத் தடுத்தது மிகை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று அதை நீக்கியது. நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைந்தது. அதன் அறிக்கைக்குப் பின் புதிய சட்டம் எழுதப்பட்டது. ஆளுநர் திருப்பியனுப்ப, பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. ரம்மி, போக்கர் ஆகிய சீட்டாட்டங்கள் தொடர்பான பகுதியை மட்டும் 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் விலக்கி, மற்றவற்றை ஏற்றது. இச்சட்டத்தில் 'இணையவழிச் சூதாட்டம்' என்றால் இணையவழிப் பந்தயமும் அடங்கும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. நடத்துகிறவனுக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். விளம்பரம் செய்கிறவனுக்கு ஓராண்டு, 5 லட்சம். ஆடுகிறவனுக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டிய முதல் விடை: ஆம், தமிழ்நாட்டில் நீ செய்தது குற்றம்.

இரண்டாவது விடை டில்லியிலிருந்து வருகிறது. 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையும், மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்ற, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது இணையவழி விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும், திறமையோ அதிருஷ்டமோ, தடை என்றது அது. நடத்துகிறவனுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். பணத்தைக் கடத்திவிடும் நிறுவனங்களுக்கும் அவ்வாறே. விளம்பரத்துக்கு இரண்டாண்டு, 50 லட்சம். ஆடுகிறவனுக்கு? எதுவும் இல்லை. அவன் குற்றவாளியல்லன், பாதிக்கப்பட்டவன் என்பதே ஒன்றிய அரசின் விளக்கம். இச்சட்டத்தை எதிர்த்து உயர்நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. சூதும் பந்தயமும் அரசமைப்புச் சட்டத்தின்படி மாநிலப் பட்டியலில் 34ஆம் இனமாக இருப்பவை. அதில் ஒன்றியம் எவ்வளவு தூரம் நுழையலாம் என்பதும் அங்கே வாதத்துக்குரிய பொருள்.

ஒரே பிள்ளை, ஒரே கைபேசி, ஒரே நூறு ரூபாய். சென்னையின் ஏட்டில் அவன் குற்றவாளி. டில்லியின் ஏட்டில் அவன் பாதிக்கப்பட்டவன். சட்டம் பயின்றவர்கள் இதை முரண்பாடு என்று சொல்லிக் கட்டுரை எழுதுவார்கள். இவ்வட்டாரத்தில் இதை நன்றாகப் பயின்றிருப்பவர்கள் வேறு சிலர். அவர்கள்தாம் தரகர்கள்.

தரகர் என்றதும் இருட்டில் நிற்கும் ஆளை வாசகர்கள் கற்பனை செய்ய வேண்டா. அவர் பெரும்பாலும் முன்பு அதே ஆலையில் வேலை பார்த்தவராகவோ, அறைத் தோழனின் தோழனாகவோ இருக்கிறார். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு கணக்கு கொடுப்பார். இதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் 'ஐடி'. பணத்தை யு.பி.ஐ. மூலம் அவர் சொல்லும் கணக்குக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கணக்கு நாளுக்கு நாள் மாறும். பதிலுக்கு ஐடியில் 'காயின்' ஏறும். யார் வெல்வார் என்பதோடு பந்தயம் முடிவதில்லை. அடுத்த ஓவரில் எத்தனை ஓட்டம், அடுத்த பந்து எல்லையைத் தாண்டுமா என்பது வரை கட்டலாம். ஐ.பி.எல். ஆட்டம் இரவு ஏழரைக்கு. அது முடிந்தால் உலகின் வேறு மூலையில் நாம் பெயர் கேட்டிராத அணிகள் ஆடும். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கும் ஒரு பந்தயம் காத்திருக்கும். சிறு தொகை வெல்லவிடுவார்கள். தூண்டிலை விழுங்கும் மீனைச் சூது அதிகாரத்தில் வள்ளுவர் சும்மா சொல்லவில்லை.

பிள்ளை தயங்கும்போது தரகர் டில்லிச் சட்டத்தைச் சொல்கிறார்: "ஆடுறவனுக்குத் தண்டனையே இல்லைடா, பேப்பர்ல வந்திருக்கு பாரு." பிள்ளை பணத்தை இழந்து, வென்ற தொகையும் வாராமல், காவல் நிலையம் போவேன் என்று சொல்லும்போது அதே தரகர் சென்னைச் சட்டத்தைச் சொல்கிறார்: "போ. நீதான் மொதல்ல உள்ள போவ. மூணு மாசம்." இதை நம்மிடம் ஒருவரல்லர், வெவ்வேறு ஆலைகளில் வேலை பார்க்கும் மூவர் ஏறத்தாழ ஒரே சொற்களில் சொன்னார்கள். நுழைவாயிலில் ஒரு சட்டம், வெளியேறும் வாயிலில் மற்றொரு சட்டம். உள்ளே போகிறவனுக்கு அச்சத்தை நீக்கவும், வெளியே வருகிறவனுக்கு அச்சத்தை ஊட்டவும் இரண்டும் அவருக்குப் பயன்படுகின்றன. சட்டம் செய்தவர்கள் இருவருமே இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

நம்மிடம் கேட்ட பிள்ளையின் துன்பம் இழப்பால் வந்ததன்று, வெற்றியால் வந்தது. நான்கு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியை விட்டபின் ஒருநாள் சில ஆயிரம் ரூபாய் வென்று, அதைத் தன் வங்கிக் கணக்குக்கு எடுத்தார். அந்தப் பணம் தளத்திலிருந்து வரவில்லை. முன்பின் அறியாத எவரோ ஒருவரின் கணக்கிலிருந்து வந்தது. அந்த எவரோ வேறொரு மோசடியில் பணத்தைச் சுழற்றியவராம். வடமாநிலம் ஒன்றில் பணம் பறிகொடுத்தவர் புகார் செய்ய, அப்பணம் போன வழியெல்லாம் கணக்குகள் முடக்கப்பட்டன. சம்பளம் வருகிற கணக்கும் அதுவே. வங்கியில் கேட்டால், அந்த மாநிலக் காவல்துறைக்கு எழுதுங்கள் என்றார்கள். எழுதத் தொடங்கினால் முதல் வரியிலேயே இந்தப் பணம் எதற்காக வந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் மோசடிக் கூட்டத்தில் ஒருவன் என்ற ஐயம் நீங்காது. ஊரில் அத்தாவுக்கு இம்மாதம் பணம் போகவில்லை. 'கம்பெனியில் சம்பளம் தாமதம்' என்று சொல்லியிருக்கிறார்.

முப்பது பக்கத் தீர்ப்புகளைவிட இந்த ஒரு கடிதத்தின் முதல் வரி நமக்குக் கடினமாக இருந்தது.

வென்ற பணத்தைக் கேட்டு வழக்குப் போடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். முடியாது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, பந்தய உடன்படிக்கை செல்லாது என்கிறது. 500 ரூபாயும் அதற்கு மேலும் பரிசுள்ள குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் அங்கும் ஒரு விதிவிலக்கு! ஆனால் செல்லாது என்பதற்கும் சட்டவிரோதம் என்பதற்கும் வேறுபாடு உண்டு. 1959இல் நீதிபதி சுப்பாராவ் எழுதிய உச்சநீதிமன்றத் தீர்ப்பு அதைத் தெளிவாக்கியது. பந்தய உடன்படிக்கை செல்லாததே. ஆயின் அதைச் சார்ந்து எழுகின்ற வேறு உடன்படிக்கைகள் அதனாலேயே விழுந்துவிடா, பம்பாயில் தனிச் சட்டம் இருந்ததால் அங்கு மட்டும் நிலை வேறு என்றது அத்தீர்ப்பு. இதன் பொருள் கசப்பானது. பந்தயத்தில் வென்றதைக் கேட்க வழியில்லை. பந்தயத்துக்காக அறைத் தோழனிடம் வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்க அவனுக்கு வழி இருந்தது. பந்தயமே தண்டனைக்குரிய குற்றமாகிவிட்ட பின் அந்த வழி எவ்வளவு திறந்திருக்கும் என்பது வழக்குக்கு வழக்கு மாறலாம். ஆனால் நேர்மையுள்ள பிள்ளைகள் சட்டத்துக்காகவா கடனைத் திருப்புகிறார்கள்?

வரியின் கதையையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவோம். இணைய ஆட்டத்தின் நிகர வெற்றித் தொகைக்கு 2023 முதல் 30 விழுக்காடு வருமான வரி. கட்டுகிற பணத்துக்கு 2023 அக்டோபரில் 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 ஆயிற்று. தடுப்பதும் அரசு, வரி விதிப்பதும் அரசு. வரி கட்டினால் குற்றம் தூய்மையாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் ஏமாறுவார்கள். அயல்நாட்டுத் தளத்துக்குப் பணம் போவதிலும் வேறொரு சட்டம் குறுக்கே நிற்கிறது. கால்பந்துப் பந்தயச் சீட்டு முதலானவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பலாகாது என்று 2000ஆம் ஆண்டிலேயே அன்னியச் செலாவணி விதி எழுதப்பட்டுவிட்டது.

இவற்றையெல்லாம்விடப் பிள்ளைகள் அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. அதற்குத்தான் அவர்கள் அஞ்சுவதில்லை. "உன் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் மாதம் இவ்வளவுக்கு வாடகைக்குக் கொடு" என்று தரகர் கேட்கிறார். கடனில் மூழ்கியவனுக்கு அது கைகொடுக்கும் கயிறாகத் தோன்றுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 112ஆம் பிரிவு, கூட்டமாகச் சேர்ந்து செய்யும் சிறு குற்றங்களில் அனுமதியற்ற பந்தயத்தையும் சேர்த்திருக்கிறது. ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. ஐந்தாயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயந்து வாய் மூடியவன், கணக்கை வாடகைக்குக் கொடுத்து ஏழாண்டின் வாசலில் போய் நிற்கிறான். இதை ஒவ்வொரு விடுதி வாசலிலும் எழுதி வைக்க வேண்டும்.

இனி, மார்க்கத்தின் பக்கம் சற்றே திரும்புவோம். அந்தப் பிள்ளை வேண்டாமென்று சொன்னாலும், ஈண்டு அதற்கு இடமுண்டு; தடை செய்வதற்கும் தண்டிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அங்கே காண்கிறோம்.

திருமறை தடுக்கும் 'மைசிர்' என்பது அறியாமைக் கால அரபிகளின் ஓர் ஆட்டம். ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பையிலிருந்து அம்புகளை உருவுவார்கள். ஏழு அம்புகளுக்குப் பங்கு உண்டு. மூன்று வெற்று அம்புகள். தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைத் தர வேண்டும். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுத்துப் பெருமை தேடுவதும் உண்டு. அதனால்தான் போலும், அதில் பயன் சிறிது உண்டென்று ஒப்பிய பின்னரே அதன் தீமை பெரிதென்று 'பகரா' அத்தியாயம் கூறுகிறது. 'மாயிதா' அத்தியாயம் அதை முற்றாக விலக்குகிறது. ஏழைக்கு இறைச்சி போன சூதுக்கே அந்தத் தீர்ப்பு. ஏழையின் இறைச்சியையே உரிக்கும் சூதுக்கு வேறென்ன தீர்ப்பு இருக்க முடியும்?

மறுபுறம், குதிரை ஓட்டத்துக்கும் ஒட்டக ஓட்டத்துக்கும் அம்பெய்தலுக்கும் பரிசு வைக்கலாம் என்று சட்ட அறிஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். ஆட்சியாளரோ வெளியாளோ பரிசு கொடுக்கலாம். போட்டியிடும் இருவருமே பணம் வைப்பதானால், பணம் வைக்காத மூன்றாமவர் ஒருவர் போட்டியில் சேர வேண்டும் என்று ஹனஃபி, ஷாஃபி அறிஞர்கள் நிபந்தனை இட்டார்கள். அங்கே ஆய்வுக்குரியது குதிரையின் திறமையன்று. பணம் யாருடையது, தோற்றால் யார் இழக்கிறார் என்பதே. கரையில் நின்று பார்க்கிறவன் கட்டும் பந்தயத்துக்கு இடமே இல்லை. 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு கேட்டது ஆட்டத்தில் திறமை உண்டா என்று. நம் பழைய அறிஞர்கள் கேட்டது கட்டுகிறவன் ஆட்டத்தில் இருக்கிறானா என்று. ஒரகடத்தில் அமர்ந்து வான்கடே மைதானத்துப் பந்துக்குப் பணம் கட்டுகிறவன் எந்தத் திறமையையும் காட்டவில்லை. பந்து வீசியவரின் திறமையைத் தன் திறமை என்று எண்ணி ஏமாறுகிறான்.

ஆயினும் ஆடியவனை என்ன செய்வது என்ற இடத்தில் மார்க்கச் சட்டம் நிதானமாகவே பேசுகிறது. திருட்டுக்கும் மற்றவற்றுக்கும் உள்ளதுபோல் சூதாடியவனுக்கு வரையறுத்த தண்டனை இல்லை. அது நீதிபதியின் விருப்பத்துக்குரிய 'தஃஸீர்' வகை. சூதாட வா என்று தோழனை அழைத்தவன் தருமம் செய்யட்டும் என்ற நபிமொழியும் புகாரி, முஸ்லிம் தொகுப்புகளில் உண்டு. செயல் கடுமையாக விலக்கப்பட்டது. செய்தவன் திரும்பி வருவதற்கு வழி விடப்பட்டது.

பந்தயத்தை அனுமதித்து உரிமம் கொடுத்துவிட்டால் தரகரும் இரார், அச்சமும் இராது என்று வாதிடுவோர் உளர். 2016இல் நீதிபதி லோதா குழு கிரிக்கெட் பந்தயத்தைச் சட்டபூர்வமாக்கலாம் என்றது. 2018 ஜூலையில் சட்ட ஆணையம் தன் 276ஆம் அறிக்கையில், தடுப்பதே விரும்பத்தக்கது; முடியாவிட்டால் ஆதாரோடும் பான் எண்ணோடும் இணைத்து, வருமானத்துக்கேற்ற வரம்பு வைத்து ஒழுங்குபடுத்தலாம் என்றது. பந்தயத்தைச் செல்லாததாக்கி 1845இல் நமக்கு வழிகாட்டிய இங்கிலாந்தே, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் பந்தய உடன்படிக்கையை நீதிமன்றம் ஏற்கலாம் என்று மாற்றிக்கொண்டது. ஆனால் கடன் அட்டையால் பந்தயம் கட்டுவதை 2020 ஏப்ரலில் அங்கே தடுக்க வேண்டி வந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நம் பிள்ளைகள் வேலை தேடிப் போகும் சிங்கப்பூரில் உரிமம் பெற்ற இடத்தில் கட்டலாம். உரிமமற்ற இடத்தில் கட்டுகிறவரும் தண்டனைக்குரியவரே. இந்த வாதத்தை நாம் ஏற்கவில்லை. சம்பள நாளன்று ஒப்பந்தத் தொழிலாளியின் கையிலிருக்கும் பணத்துக்குப் போட்டியிட மேலும் ஒரு கடையைத் திறப்பதில் அரசுக்கு என்ன பெருமை? தடை இருக்கட்டும். நம் குறை தடையைப் பற்றியதன்று. ஆடுகிறவனுக்கு உரிய அந்த மூன்று மாதத்தைப் பற்றியது.

பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய தேசிய இணையக் குற்ற உதவி எண் 1930. நம் பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டும் அதுவே, வேடிக்கையான ஒற்றுமை. அந்த எண்ணை அழுத்தும் விரல், தன் பெயரும் குற்றப் பட்டியலில் ஏறுமோ என்று தயங்கி நிற்கிறது. அத்தயக்கத்தை நீக்க முன்மாதிரிகள் நம் சட்டங்களிலேயே உள்ளன. போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவின்படி, அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், சிறு அளவு வைத்திருந்ததற்கும் உட்கொண்டதற்கும் அவர்மீது வழக்கு நடத்தப்படாது. 2018இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி, நெருக்கடியால் இலஞ்சம் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறைக்குத் தெரிவித்தால் அவர் குற்றவாளியல்லர். இணையவழிச் சூதாட்டச் சட்டத்திலும் அப்படி ஓர் உட்பிரிவைச் சேர்க்கப் பேரவையால் முடியும். தரகரையோ தளத்தையோ பற்றித் தானே முன்வந்து புகார் செய்கிறவன்மீது, முதல் முறையானால், நடவடிக்கை இல்லை என்று இருந்தால் போதும். தரகர் வெளியேறும் வாயிலில் காட்டும் சட்டம் அன்றே அவர் கையைவிட்டு நழுவிவிடும். ஏழு நாள் கெடு மட்டும் இவர்களுக்குப் பொருந்தாது. இழந்ததை அடுத்த சம்பளத்தில் மீட்டுவிடலாம் என்று ஒரு மாதம், அதற்கடுத்த மாதம் என்று மறைத்து வைத்த பிறகே இவர்கள் யாரிடமாவது வாய் திறக்கிறார்கள். ஆறு மாதமாவது கொடுக்க வேண்டும்.